கழுத்து குறுகிய பாட்டில்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவதாக மச்சினன் போன் செய்தான். போனை வைத்ததும் கிரேன்காரர் செய்த முதல் காரியம், பாட்டிலை மாற்றியதுதான்.

மேசைமேல் ஏற்கெனவே ஒரு பாட்டில் இருந்தது. கனத்த கண்ணாடி, அகலமான கழுத்து, இரண்டு விரலைத் தாராளமாக உள்ளே விடலாம். அதைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு, மேல்தட்டின் மூலையிலிருந்து இன்னொன்றை இறக்கினார். எப்போதோ மருந்துச் சரக்கு வந்த பாட்டில். மெல்லிய உடம்பு, சுண்டுவிரலே திணறிக்கொண்டு நுழையும் கழுத்து. அந்தக் கழுத்துக்கு அளவாக ஒரு சின்னக் கப்பலையும் முன்னமே செதுக்கி ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தார். கை நன்றாக இருந்த நாளில் செய்தது.

பாட்டிலுக்குள் கப்பல் செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியாது. கழுத்து குறுகக் குறுக வேலை கஷ்டம் என்று ஊரே நினைக்கிறது. செதுக்குகிறவரைக்கும் அது சரி. உள்ளே கம்பி விட்டு வேலை செய்யும்போது கதை தலைகீழ். குறுகிய கழுத்தில் கம்பி கண்ணாடி விளிம்பில் சாய்ந்துகொள்கிறது. பாட்டில் கையைத் தாங்கிப் பிடிக்கிறது. அகலக் கழுத்தில் கம்பி அந்தரத்தில் நிற்கும், கையின் குணம் அப்படியே நுனியில் தெரியும்.

அவருடைய கையின் குணம் நுனியில் தெரியக் கூடாது. மச்சினன் கப்பல் பார்க்க வரவில்லை, கை பார்க்க வருகிறான்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. இவர் கிரேன் ஓட்டும் அதே யார்டில் பாதுகாப்பு சூப்பர்வைசர். அவன் சரி என்று சொன்னால்தான் எந்த ஆபரேட்டரும் கேபினுக்கு ஏற முடியும். அவனுக்குச் சந்தேகம் வந்தால் டாக்டரிடம் அனுப்புவான். டாக்டரிடம் போன ஆபரேட்டர் யாரும் திரும்ப மேலே ஏறி இவர் பார்த்ததில்லை. கீழேயே நிற்பார்கள், கொக்கியில் சங்கிலி மாட்டிக்கொண்டு. டீ நேரத்தில் மட்டும் அண்ணாந்து பார்ப்பார்கள்.

போன வாரம் இவர் தூக்கிய ஒரு குழாய்க் கட்டு ஆடிப்போய் லாரியின் பக்கக் கண்ணாடியைச் சாப்பிட்டுவிட்டது. காற்று என்று சொன்னார். அன்றைக்கு யார்டுக் கம்பத்தில் கொடி, காயப்போட்ட துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மச்சினன் கொடியைப் பார்த்தான், லாரியைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். அவன் வாய் ஓயாமல் பேசுகிற ஆள். அப்படிப்பட்டவன் பேசாமல் போனான்.

அப்புறம் இந்தப் போன். "சும்மாதான் மாமா, உங்க கப்பல் வேலையை ஒருநாள் உக்காந்து பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை."

இத்தனை வருஷத்தில் இல்லாத ஆசை.

அந்த வாரமே பாட்டிலுக்குள் நீலக் களிமண்ணைப் பரப்பிக் கடல் போட்டார். பாய்மரங்களை மடக்கி, கப்பலைப் பின்பக்கம் முதலில் வருகிற மாதிரி கழுத்து வழியே உள்ளே தள்ளி, களிமண்ணில் அழுத்தி உட்கார வைத்தார். மூன்று மரங்களும் கப்பலின் மேல்தளத்தில் படுத்துக்கிடந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நூல், கப்பலின் முன்மூக்கில் இருக்கும் ஓட்டை வழியாகப் போய், கழுத்து வழியே வெளியே வந்து, மேசையில் டேப்பில் ஒட்டியிருந்தது. நூலை இழுத்தால் மரம் எழுந்து நிற்கும். நின்றதும் முன்மூக்கில் ஒரு பொட்டுப் பசை. பசை இறுகும்வரை நூலை விடக் கூடாது. அதையெல்லாம் மச்சினன் கண்முன்னால் செய்து காட்டுவதாகத் திட்டம்.

மனைவி பாட்டில் மாறியதைப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள், சட்டையைப் பார்த்தே போட்டவன் வேலைக்குப் போனானா இல்லையா என்று சொல்லிவிடுவாள். "இதுல செய்யப்போறீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஏன், செய்யக் கூடாதா?"

"செய்யுங்க."

அந்த ஒற்றைச் சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கிளறவும் இல்லை. கிளறினால் என்ன வரும் என்று தெரியும்.

கல்யாணமான புதிதிலிருந்து பாட்டிலைப் பிடித்துக்கொள்வது அவள் வேலை. இவர் கம்பியை விட்டால் அவள் இரண்டு உள்ளங்கையாலும் பாட்டிலை அணைத்துக்கொள்வாள், உருளாமல் இருக்க. அதைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்வதைப் பற்றி யாராவது பேசுவார்களா?

மச்சினன் சொன்ன நேரத்துக்கு வந்தான். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தான். அவன் அப்படிச் சிரித்துக்கொண்டு வந்து யார்டில் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான் என்று கிரேன்காரருக்குத் தெரியும்.

"என்ன மாமா, பாட்டிலைக் காலி பண்ண ஆள் வேணும்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"இது மருந்து பாட்டில் மாப்ள. குடிச்சிருந்தா உனக்கு மூளை வளந்திருக்கும்."

"அக்கா, கேட்டியா? வந்த ஆளுக்குத் தண்ணிகூடக் குடுக்கல, அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டாரு."

"நீ வந்த வேலை தண்ணி குடிக்கவாடா?" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அவன் சிரிப்பு ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது. நாற்காலியை இழுத்து மேசைக்கு எதிரே போட்டான். குனிந்து பாட்டிலுக்குள் பார்த்தான். கழுத்தைப் பார்த்தான். தன் சுண்டுவிரலை வைத்து அளந்தும் பார்த்தான்.

"இதுக்குள்ளயா? அட கொடுமையே. எனக்கு இதுல பேனா மூடி விழுந்தாக்கூட எடுக்கத் தெரியாது."

"அதான் நீ கீழ நிக்கிற. நான் மேல இருக்கேன்."

சொன்ன பிறகுதான், இதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. மச்சினன் தலையாட்டினான். கண் இவர் கையில் இருந்தது.

கிரேன்காரர் சைக்கிள் ஸ்போக்ஸில் செய்த நீளக் கம்பியை எடுத்தார். காற்றில் அதிக நேரம் வைத்திருக்காமல், எடுத்த வேகத்தில் கழுத்துக்குள் விட்டார். கம்பி விளிம்பில் சாய்ந்தது. மனைவி எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, வழக்கம்போல் இரண்டு உள்ளங்கையாலும் பாட்டிலை அணைத்துக்கொண்டாள். வழக்கத்தைவிட இறுக்கமாக. விரல்நுனிகள் வெளுத்திருந்ததை அவர் கவனித்தார்.

இடது கையால் முதல் நூலை இழுத்தார். உள்ளே, தளத்தில் கிடந்த பின்மரம் ஒரு முறை உசும்பி, மெதுவாகத் தலைதூக்கியது. காகிதப் பாய் பிரிந்தது. வலது கைக் கம்பியால் மரத்தின் அடியை லேசாகத் தள்ளி நேராக்கினார். கம்பி நுனி எங்கே போகச் சொன்னாரோ அங்கே போய் நின்றது.

"ஆத்தாடி!" என்றான் மச்சினன்.

நடிப்பு இல்லை. நிஜமாகவே வாயைப் பிளந்திருந்தான். கிரேன்காரருக்குத் தோளில் இருந்து ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது. இரண்டாவது நூலை இழுத்தார். நடுமரம் எழுந்தது. வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்து, ஒரு பாயின் மூலை மடங்கியிருந்ததைக் கம்பி நுனியால் நீவி விட்டார். தேவையே இல்லாத வேலை. சர்க்கஸ்.

"மாமா, உண்மையைச் சொல்லிடறேன்," மச்சினன் நாற்காலியில் சாய்ந்தான். "யார்டுல ஒரு பேச்சு. உங்க கையைப் பத்தி. எவன் சொன்னான்னு கேக்காதீங்க."

"நெட்டைதானே?"

நெட்டை என்பது மாற்று ஆபரேட்டர். இவர் லீவு போட்டால் ஏறுகிறவன். இவர் லீவு போடுவதே இல்லை.

"எவனோ. நானும் கொஞ்சம் யோசிச்சேன், இல்லன்னு சொல்ல மாட்டேன். அந்த லாரி விஷயம் வேற. இப்பக் கண்ணால பாத்தாச்சு. இந்த ஓட்டைக்குள்ள இந்த வேலை பாக்கிற கையைப் போய்ச் சந்தேகப்பட்டா என் வாய் அழுகிடும். இனிமே எவனாவது பேசட்டும், பாத்துக்கறேன்."

முடிந்தது என்று நினைத்தார் கிரேன்காரர். அவ்வளவுதான். இனி முன்மரத்தைத் தூக்கி, பசை வைத்து, நாலு வார்த்தை கிண்டல் பேசி இவனை அனுப்பிவிட வேண்டியது. கேபினில் கைப்பிடி இருக்கிறது, முழங்கையை ஊன்றிக்கொள்ளலாம். இப்படியே ஓட்டிவிடலாம். பாட்டில் கழுத்து அசையாது, கிரேனை இயக்கும் லிவர் அசையும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததை எல்லாம் நினைத்துக்கொண்டிருந்தால் வாழ முடியுமா?

மூன்றாவது நூலைப் பிடித்தார்.

"ஏன் இவ்வளவு கேக்கறேன்னா," மச்சினன் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தான், "நாளைக்கு அந்தப் பெரிய மெஷினை இறக்கறோம்ல. ஷெட்டுக் கூரையைப் பிரிச்சு விட்டிருக்கு, அது வழியா நேரா குழிக்குள்ள. அடியில பதிச்சிருக்கிற போல்ட்டுல உக்கார வைக்கணும். குழியில ஒரு ஆள் நின்னாத்தான் முடியும். செவுத்துக்கும் மெஷினுக்கும் நடுவுல இவ்வளவுதான் இடம்." தன் நெஞ்சுக்கு முன்னால் கையைக் குறுக்கி வைத்துக் காட்டினான். "வேற எவனையும் இறக்க எனக்கு மனசு வரல. நானே இறங்கறேன்னு சொல்லிட்டேன். மேல நீங்கதானே."

முன்மரம் பாதி எழுந்து நின்றது.

கிரேன்காரருக்கு இது தெரியாது. மெஷின் இறக்குவது தெரியும், குழி தெரியும். குழியில் யார் என்று இவர் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது வசதியாக இருந்தது. இப்போது அந்தக் குழிக்கு ஒரு முகம் வந்து எதிரே உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறது. அவர் நூலை விடவில்லை. கம்பியையும் எடுக்கவில்லை. மரத்தை முழுசாகத் தூக்கி நிறுத்தினார். மூன்று நூலையும் இடது கையில் சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டார். கம்பியைச் சட்டென்று வெளியே இழுத்து நுனியில் பசையைத் தொட்டு, அதே வேகத்தில் உள்ளே விட்டு முன்மூக்குக்குக் கொண்டு போனார்.

அப்போது மனைவி பாட்டிலிலிருந்து கையை எடுத்தாள்.

வெடுக்கென்று எடுக்கவில்லை. ஒரு கையை எடுத்து மடியில் வைத்தாள். பிறகு இன்னொன்றையும் எடுத்து அதன்மேல் வைத்தாள்.

பாட்டில் பேச ஆரம்பித்தது.

டிக் டிக் டிக் டிக். கம்பி விளிம்பில் அடித்துக்கொள்ளும் சத்தம். மெல்லிய கண்ணாடி என்பதால் அந்தச் சின்ன அறையில் கணீரென்று கேட்டது. விளக்கில் பூச்சி முட்டுகிற மாதிரி ஓயாமல் கேட்டது. கனத்த பாட்டிலாக இருந்திருந்தால் இவ்வளவு கேட்டிருக்காது. கழுத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர் கண்ணாடியின் கனத்தைப் பார்க்கவில்லை. இத்தனை நாளும் இரண்டு உள்ளங்கைகள் அந்தச் சத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தன என்பது அவர் மண்டைக்கு அந்த நிமிஷம்தான் ஏறியது.

மச்சினன் சுவரைப் பார்த்தான். "கடிகாரமா?"

"அது நின்னு போயி எவ்வளவோ நாளாச்சு," என்றாள் அக்கா.

"பாட்டிலைப் புடி," என்றார் கிரேன்காரர், உதட்டை அசைக்காமல்.

"கை வலிக்குதுங்க."

"புடின்னு சொல்றேன்ல."

அவள் அவரைப் பார்த்தாள். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. கை மடியிலேயே இருந்தது.

மச்சினன் மெதுவாக முன்னால் குனிந்தான். ஆள்காட்டி விரலை நீட்டிப் பாட்டிலின் வயிற்றில் வைத்தான். வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தான். முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று தெரியவில்லை.

"கம்பியை வெளிய எடுங்க மாமா."

"பசை வெச்சிட்டிருக்கேன். இப்ப எடுத்தா மூணும் படுத்துடும்."

"படுக்கட்டும்."

"உனக்கு வேலை தெரியாது, சும்மா இரு."

"மாமா." குரலை அவன் உயர்த்தவில்லை. யார்டில் மைக்கில் பேசுகிற குரல் அது, ஆனால் மைக் இல்லாமல். "எடுத்து இப்படி நேராப் புடிங்க. எதுலயும் சாயாம."

எடுக்காமல் இருக்க ஒரு காரணம் தேடினார். கிடைக்கவில்லை. கம்பி கழுத்திலிருந்து வெளியே வந்தது. கையை நீட்டிப் பிடித்தார். நுனியில் ஒட்டியிருந்த பசைச் சொட்டு காற்றில் கிறுக்கியது. கிறுக்கியது என்றால் சும்மா இல்லை, கைநாட்டு வைக்கிறவன் முதல்முறை பேனா பிடித்த மாதிரி. நிறுத்தப் பார்த்தார். பல்லைக் கடித்தார். பல்லைக் கடிக்கக் கடிக்க அது கூடியது.

மூன்று பேரும் அந்த நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும்தான். இதுவரை அவர் அதை இவ்வளவு நேரம் நேருக்கு நேர் பார்த்ததே இல்லை. கையை ஏதாவது ஒன்றில் சாய்த்துவிடுவார், சட்டைப் பையில் சொருகுவார், கரண்டியை வைத்துவிட்டுக் கையால் சாப்பிடுவார்.

இடது கையில் இருந்த நூல் எப்போது நழுவியது என்று தெரியவில்லை. பாட்டிலுக்குள் முன்மரம் சாய்ந்தது, அதன்மேல் நடுமரம், கடைசியாகப் பின்மரம். சத்தமே இல்லை.

"எவ்வளவு நாளா?" என்றான் மச்சினன்.

"தூக்கம் சரியில்ல. அதான்."

"எவ்வளவு நாளாக்கா?"

அக்கா பதில் சொல்வதற்குள் கிரேன்காரர் முந்திக்கொண்டார். "கண்ணுன்னு சொல்லு மாப்ள. கண்ணு மங்கலா இருக்குன்னு சொல்லு. கண்ணுக்கு வைத்தியம் இருக்கு, பாத்துட்டு வந்து ஏறிக்கலாம். கைன்னு சொன்னா அவ்வளவுதான். உனக்கே தெரியும்."

"டாக்டர் என்னன்னு சொல்லட்டும். நான் எதுவும் சொல்லல. நாளைக்கு நீங்க ஏறல, அது மட்டும்தான் நான் சொல்றது."

"நீ என் வீட்டுத் தண்ணியைக் குடிச்சிட்டு..."

"ஆமா, குடிச்சேன். அதனாலதான் இங்கயே சொல்றேன். யார்டுல பத்துப் பேர் முன்னால சொல்லியிருக்கலாம்."

கிரேன்காரர் மனைவி பக்கம் திரும்பினார். "தம்பின்னதும் கையை எடுத்துட்ட."

"ஆமா."

இல்லை என்று சொல்வாள், அழுவாள், நான் அப்படி நினைக்கவில்லை என்பாள், அதை வைத்து ஒரு பிடி பிடிக்கலாம் என்று இருந்தார். ஆமா என்று சொல்லிவிட்டால் ஒருவன் என்ன செய்வது?

"வேற எவனாவது குழியில நின்னா புடிச்சிட்டே இருந்திருப்ப."

 புடவைத் தலைப்பால் உள்ளங்கையைத் துடைத்தாள். "தெரியல," என்றாள். "இருந்திருப்பேனோ என்னவோ. அதை நெனச்சாத்தான் எனக்கு உடம்பு கூசுது."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"உங்களுக்கு முன்னாடியே. நீங்க கையைப் பாக்கவே மாட்டீங்க. எனக்கு உள்ளங்கையில தெரியும்ல."

அவர் கம்பியை மேசையில் போட்டார். அது உருண்டு விளிம்புக்குப் போனது, மச்சினன் விழாமல் பிடித்து ஓரமாக வைத்தான்.  வெளியே தெருவில் எவனோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளம்பவில்லை.

மச்சினன் எழுந்தான். அக்காவிடம் மட்டும் "வரேன்" என்றான். வாசலில் குந்தி உட்கார்ந்து ஷூவை மாட்ட ஆரம்பித்தான். கிரேன்காரர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழக் கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் கால் எழுந்துவிட்டது. போய்க் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது கையால் பிடித்திருந்தார். சாய்த்திருந்தார் என்று சொல்ல வேண்டும்.

"நாளைக்கு யாரு ஏறுறா?"

"நெட்டைதான். வேற யாரு இருக்கா?"

"அவன் பிரேக்கைப் படக்குனு விடுவான். கை ஆடாது, ஆனா அவசரக் குடுக்கை. கடைசி ரெண்டு அடியில மெஷின் ஒரு தடவை குதிக்கும்."

"சொல்லி வெக்கறேன்."

"சொன்னாக் கேப்பானா அவன்? நீ குழியில நிக்காத. கயித்தைக் கட்டி மேலேருந்து இழு, நேரமாகும், ஆகட்டும். அப்படியே இறங்கினாலும் செவுத்துப் பக்கம் மட்டும் போகாத. தள்ளி நில்லு."

மச்சினன் ஒரு ஷூவை மாட்டி முடித்திருந்தான். இன்னொன்று கையில் இருந்தது. அப்படியே தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான்.

"மேல நீங்க இருந்திருந்தா, மாமா, என்னை எங்க நிக்கச் சொல்லியிருப்பீங்க?"

கிண்டலாகக் கேட்கவில்லை. பதில் தெரிய வேண்டும் என்றுதான் கேட்டான். உள்ளே மேசைப் பக்கம் மனைவி அசையாமல் உட்கார்ந்திருப்பது கிரேன்காரருக்கு முதுகிலேயே தெரிந்தது. அவளும் காத்திருந்தாள்.

அவர் கதவு நிலையிலிருந்து வலது கையை எடுத்துச் சட்டைப் பையில் சொருகினார். 

மச்சினன் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, இரண்டாவது ஷூவையும் மாட்டி, கயிற்றை இறுக்கி முடிந்துகொண்டு, தெருவில் இறங்கி நடந்தான்.